அன்னமுன்னா இலை அவித்துக் குடித்த ஏழு மாதம்

குளிக்கும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் மேல்பக்கம், கக்கத்தை ஒட்டி, ஒரு புளியங்கொட்டை அளவு. நோகவில்லை. நோவில்லாத கட்டிக்குப் பயப்படத் தேவையில்லை என்று எங்கேயோ கேட்டிருந்தேன், அதையே பிடித்துக்கொண்டேன். மார்பில் வரும் ஆபத்தான கட்டிகள் பெரும்பாலும் ஆரம்பத்தில் நோகாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. 2022 ஆவணி மாதம் அது. பெற்றோலுக்கு வரிசை, ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு என்று நாடே கலங்கிப்போயிருந்த நேரம். எனக்கு அப்போது வயது 44. கோண்டாவிலில் வீட்டில் இருந்தபடி தைத்துக் கொடுக்கிறேன். கணவர் இல்லை. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடத்துப் பரீட்சை தள்ளிப்போய் 2023 தையில்தான் தொடங்கியது. அதுவரை இந்தக் கதையை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று நானே முடிவெடுத்தேன்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனியார் இடமொன்றில் ஸ்கான் எடுத்தேன். 17 மில்லிமீற்றர், ஓரம் ஒழுங்காக இல்லை, ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ரிப்போட்டில் இருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி டொக்டர் அன்றைக்கே துண்டு எழுதித் தந்தார். அந்தத் துண்டு ஏழு மாதத்துக்கு மேல் என் தையல் மெசின் லாச்சிக்குள் நூல்கட்டைகளோடு கிடந்தது. ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவும் என்று எனக்கு ஒருவர் அல்ல, நாலு பேர் சொல்லியிருந்தார்கள். நான் நம்பினேன். நம்பியதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. சதை எடுத்தால் பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்தால் மகளுக்குச் சொல்ல வேண்டும். ஊசியை விட எனக்கு அதுதான் பயம்.

முதலில் சொல்லவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசியால் சதை எடுப்பதால் மார்பகப் புற்றுநோய் பரவி நோயாளி மோசமாவதில்லை. பிறகு எனக்கு அதைச் செய்தபோது விறைப்பு ஊசி போட்டு, இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஒரு கிழமை கன்றிப்போய் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சதைத் துண்டு இல்லாமல் அது புற்றுநோயா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. புற்றுநோய் என்றாலும் எந்த வகை, ஹோர்மோனை மறிக்கும் மருந்துக்கு இளகுகிற வகையா என்று தெரியாமல் மருந்து தெரிவுசெய்ய முடியாது. மூலிகைதான் எடுப்பேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் சதையை எடுத்துப் பாருங்கள். எதற்கு மருந்து குடிக்கிறோம் என்றாவது தெரிய வேண்டும் அல்லவா.

சரி, என்னென்ன குடித்தேன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் முள்ளு அன்னமுன்னா மரம் ஒன்று நிற்கிறது, சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்களே, அது. அதன் இலை கீமோவை விடப் பல மடங்கு பலம் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. தினமும் விடியப்புறம் பன்னிரண்டு இலை அவித்துக் குடித்தேன். கொழும்பில் வேலை செய்யும் மச்சாள் கட்டுப்பில என்ற செடியின் இலை காயவைத்து அனுப்பினாள். தெற்கில் புற்றுநோய்க்கு அதை நிறையப் பேர் அவித்துக் குடிக்கிறார்கள். கனடாவில் இருக்கும் தம்பி மஞ்சள் சத்துக் குளிசை அனுப்பினான், மிளகுச் சத்தும் சேர்ந்தது. எனக்கு ‘நெஞ்சில் ஒரு சின்னக் கட்டி’ என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். இவை போதாதென்று, மூன்று மாதத்தில் கரைத்துத் தருகிறேன் என்ற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். பெயரும் ஊரும் வேண்டாம். பார்க்க 5,000 ரூபா. மாதம் ஒரு பொட்டலத் தூள், ஒரு போத்தல் எண்ணெய், 24,000 ரூபா. ஐப்பசியில் தொடங்கிச் சித்திரை வரை ஏழு மாதம், 1,68,000. பஸ் இல்லாத பக்கம் என்பதால் ஓட்டோவும் வானும் பிடித்தது 39,000. தாலிக்கொடியை மட்டும் விட்டுவிட்டு மற்றச் சங்கிலிகளை அடைவு வைத்தேன், அதன் வட்டி 28,000. மொத்தம் 2,40,000 ரூபா. தைத்துச் சேர்த்த காசு.

அந்த மனிதர் ஸ்கான் ரிப்போட்டைப் பார்க்கவே இல்லை. தூளில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், பரம்பரை ரகசியம் என்றார். மூன்றாம் மாதம் கட்டி பெருத்திருந்தது. பயந்துபோய்ச் சொன்னேன். ‘அது விஷம் வெளியில் தள்ளுது பிள்ளை, நல்ல அறிகுறி’ என்றார். ஐந்தாம் மாதம் அவர் தந்த எண்ணெயில் தோல் வெந்து உரிந்தது. அதுவும் நல்ல அறிகுறிதான். இப்போது யோசித்தால் எனக்கு நடுங்குகிறது. சுருங்கினால் மருந்து வேலை செய்கிறது, பெருத்தால் நோய் வெளியேறுகிறது. எது நடந்தாலும் அவர் சொன்னது சரியாகிவிடும், என் உடம்பு மட்டும் பிழையாகிக்கொண்டே போகும். யாரிடம் மருந்து எடுத்தாலும் முதல் நாளே ஒன்றைக் கேளுங்கள்: இது வேலை செய்யவில்லை என்று எப்படி அறிவது, எத்தனை கிழமையில் அறிவது? அதற்குப் பதில் சொல்லாதவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் கீமோ மருந்து ஏற்றியதும் கட்டியைக் கையால் அளந்து, ஸ்கானில் அளந்து, எழுதி வைத்தார்கள். குறையாவிட்டால் மருந்தை மாற்றுவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதுதான் வித்தியாசம்.

என்னைத் திருப்பி அனுப்பியவர் ஒரு சித்த வைத்தியர். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டு எங்கள் வைத்தியத்தையே பழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெந்த தோலுக்கு மருந்து கேட்டுத்தான் கைதடிப் பக்கம் அவரிடம் போனேன். பார்த்தார். கக்கத்தில் கை வைத்துப் பார்க்க ஒரு பெண் வைத்தியரைக் கூப்பிட்டார். பிறகு, ‘தங்கச்சி, தோல் காயத்துக்கு நான் மருந்து தரலாம், கட்டிக்குத் தரமாட்டேன். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நான் கடிதம் தாறன். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ’ என்றார். காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. ‘என்ர சோதினைக்காகவோ அம்மா?’ என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைக்கிற தாய்மார் யாராவது இதை வாசித்தால், மறைத்ததை அறியும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

2023 வைகாசியில் பரிசோதனை எல்லாம் முடிந்தது. 17 மில்லிமீற்றர் 43 ஆகியிருந்தது. கக்கத்தில் நெறி கட்டியிருந்தது. ஹோர்மோனை மறிக்கும் மருந்துக்கு இளகுகிற வகை என்று சதை ரிப்போட் சொன்னது, அது நல்ல செய்தி என்றார்கள். ஆனால் சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுக்க இடமிருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். இப்போது முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கி, அதன் பிறகு சத்திரசிகிச்சை. தெல்லிப்பழையில் சேர்ந்தேன். தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் 2011இல் சனங்கள் நடந்து காசு சேர்த்துக் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அது. அங்கே போய் இருந்தபோதுதான் என் வயதில் எத்தனை பேர் என்று கண்டேன்.

மருந்து ஏற்றமுதல் எடுத்த குருதிப் பரிசோதனையில் ஈரல் கணக்குகள் ஏறியிருந்தன. என்ன குடிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வெட்கம். அவர் கோபிக்கவில்லை, ‘வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், இலையும் கொண்டு வாருங்கள்’ என்றார். அடுத்த நாள் மேசையில் பரப்பினேன். மஞ்சள் சத்துக் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு என்றார். பெயரில்லாத தூளில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி ஈரல் இறங்கும்வரை நாலு கிழமை காத்திருந்தோம். ஏழு மாதத்தோடு இன்னும் ஒரு மாதம். ஆகவே ஆஸ்பத்திரியில் கேட்டால் மறைக்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பொட்டலத்தைக் கையில் கொண்டுபோங்கள், பெயர் சொல்லி விளக்குவதைவிட அது நல்லது.

இனி நான் இதை எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு மருந்து நாலு தரம் ஏற்றினார்கள், அது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. பிறகு கிழமைக்கு ஒரு தரமாகப் பன்னிரண்டு தரம் பக்லிராக்செல். முதல் நாள் தாதி ஒருவர் ஒவ்வாமை வராமல் இருக்க முன்கூட்டியே ஊசிகள் போட்டபடி சொன்னார்: ‘அக்கா, இது மரப்பட்டை மருந்து. தண்ணியில் கரையாது, ஆமணக்கெண்ணெயில் இருந்து செய்த ஒரு திரவத்தில்தான் கரைச்சு வருது. அதுதான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.’ நான் அப்படியே இருந்துவிட்டேன். ஏழு மாதம் இலையும் வேருமாகத் தேடி அலைந்தவளுக்கு, பயந்து ஒளிந்த ஊசிக்குள் மரப்பட்டையும் ஆமணக்கும்.

அன்றிலிருந்து தேடி வாசித்தேன். மருந்து ஏறும் மூன்று மணித்தியாலமும் எனக்கு அதுதான் வேலை. அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் நிற்கும் யூ என்ற மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்துச் சோதித்திருக்கிறார்கள். மன்ரோ வால் என்பவரும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் அதிலிருந்த சரக்கைப் பிரித்தெடுத்து 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது கலங்களுக்குள் என்ன செய்கிறது என்று சூசன் ஹோர்விட்ஸ் 1979இல் கண்டுபிடித்தார்: கலம் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கட்டிக்கொள்ளும் நூல்கள் போன்ற இழைகளை அது அவிழவிடாமல் இறுக்கிவிடுகிறது, பிரிய முடியாமல் கலம் செத்துப்போகிறது. நூலும் தையலும் தெரிந்தவள் என்பதால் எனக்கு அது உடனே விளங்கியது. மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994இல். பட்டை எடுத்ததிலிருந்து 32 வருடம். ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை தேவைப்பட்டது. அந்தப் பட்டையை அவித்துக் குடித்தால் என்ன ஆகும்? யூ மரம் நஞ்சு, ஆளைக் கொல்லும். எனக்கு ஏறியது அதில் ஒரே ஒரு சரக்கு, என் உயரத்தையும் நிறையையும் வைத்து மில்லிகிராம் கணக்கில் அளந்தது.

எங்கள் வளவு வேலியோரம் நிற்கும் பட்டிப்பூவும் அப்படித்தான். நித்தியகல்யாணி என்பார்களே, அதுதான். அதன் இலையை நீரிழிவுக்கு ஜமேக்காவில் அவித்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் ரொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். சீனி குறையவில்லை. ஆனால் எலிகளின் வெள்ளைக் குருதிக் கலங்கள் குறைந்தன. அந்த வழியால் வந்த மருந்துகள்தான் குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு இன்றும் ஏற்றப்படுகின்றன. அதே குடும்பத்து வினோரெல்பின் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது. அதற்காகப் பட்டிப்பூ இலையை யாரும் பிடுங்கி அவிக்க வேண்டாம், அதுவும் நஞ்சுதான்.

ஆகவே மூலிகையில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. கட்டுப்பில குடிநீரை மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் போட்டு எங்கள் நாட்டு ஆய்வாளர்களே சோதித்து, கலங்கள் சாவதைக் காட்டியிருக்கிறார்கள். அன்னமுன்னா இலையிலும் அப்படி வேலை செய்யும் சரக்கு இருக்கிறது. மஞ்சளிலும் இருக்கிறது. ஆனால் கண்ணாடித் தட்டில் கலத்தின் மேல் நேராக ஊற்றுவதும் வாயால் குடிப்பதும் ஒன்றல்ல. மஞ்சளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்குதான் குர்குமின் என்ற அந்தச் சரக்கு. அதையும் குடலும் ஈரலும் சேர்ந்து கட்டிக்குப் போய்ச் சேருமுன் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். மிளகுச் சத்தைச் சேர்த்தால் குருதியில் இருபது மடங்கு கூடுகிறது என்று 1998இல் ஒரு ஆய்வு சொன்னது. அதனால்தான் தம்பி அனுப்பிய குளிசையில் மிளகு. ஆனால் ஈரல் மஞ்சளை வெளியேற்றுவதை மறிக்கும் அதே மிளகுச் சத்து, மற்ற மருந்துகளையும் ஈரல் கையாளும் விதத்தை மாற்றும். நான் இப்போது தினமும் போடும், ஹோர்மோனை மறிக்கும் தமொக்சிபென் குளிசை ஈரலில் மாறினால்தான் முழு வேலை செய்யும். நெதர்லாந்தில் 2019இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், குர்குமினும் மிளகுச் சத்தும் சேர்த்து எடுத்த பெண்களுக்கு அந்த மாறிய மருந்தின் அளவு குருதியில் குறைந்திருந்தது. கறிக்குப் போடும் மஞ்சள் வேறு, அதைத் தாராளமாகப் போடுங்கள் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். சோயா மீற்றையும் யாரோ சொன்னதால் நிறுத்தியிருந்தேன், அதுவும் சாப்பாட்டளவில் பிழையில்லை என்றார்கள். குளிசையாகச் செறிவாக்கியதுதான் பிரச்சினை.

அன்னமுன்னா இலை பற்றி வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கரிபியனில் குவாடலூப் என்ற தீவில், அந்தப் பழத்தையும் இலைக் குடிநீரையும் நிறைய எடுத்தவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நடுக்க வருத்தம் வழமைக்கு மாறாகக் கூடியிருந்ததை 1999இல் எழுதியிருக்கிறார்கள். கலத்துக்குச் சக்தி உண்டாகும் இடத்தை அதன் சரக்கு மறிக்கிறது, புற்றுநோய்க் கலத்தில் மட்டும் அல்ல, நரம்புக் கலத்திலும். வட்ஸ்அப் செய்தியில் இது ஒரு வரி கூட இல்லை. இப்போது யாராவது மூலிகை பற்றிச் செய்தி அனுப்பினால் நான் பார்ப்பது இவ்வளவுதான்: தட்டில் சோதித்ததா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர், எவ்வளவு அளவு? நான் எடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் என்ன? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது ஆராய்ச்சிக்காரர் கையில் இருக்கவேண்டியது, என் அடுப்பில் அல்ல. 2018இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, பரவாத நிலையில் இருந்தவர்களைப் பார்த்தது. மார்பகப் புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் தெரிவுசெய்த பெண்கள் இறக்கும் அபாயம், வழமையான சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் கூட. அந்தக் கணக்குக்குள் நானும் ஏழு மாதம் இருந்தேன்.

மருந்து ஏற்றுவது லேசில்லை, அதையும் சொல்ல வேண்டும். முடி முழுக்கக் கொட்டியது. வாய் புண்ணாகிச் சோற்றுக்கஞ்சி கூட எரிந்தது. மரப்பட்டை மருந்தின் ஏழாம் கிழமையில் விரல் நுனிகள் விறைக்கத் தொடங்கின. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. உடனே சொல்லாமல் இரண்டு கிழமை பொறுத்தது என் பிழை. சொன்னதும் அளவைக் குறைத்தார்கள். கையை நம்பிப் பிழைப்பவர்கள் விரல் விறைத்தால் அன்றைக்கே சொல்லுங்கள். இப்போது முக்கால்வாசி திரும்பிவிட்டது, சட்டைக் கொக்கி தைக்க மட்டும் மகள் உதவி வேண்டும். 2024 தையில் மார்பை எடுத்தார்கள், பிறகு கதிர்ச்சிகிச்சை. இவை எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியில் நான் கட்டிய காசு ஒன்றுமில்லை. வெளியில் எடுத்த சில பரிசோதனைகளும் பஸ் காசும் சாப்பாடும்தான் செலவு. அடைவு வைத்த சங்கிலிகளில் ஒன்று இன்னும் மீளவில்லை.

துணையில்லாமல் போக வேண்டாம். முதல் நாள் டொக்டர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை, மகள் கொப்பியில் எழுதியிராவிட்டால் எதுவும் நினைவிருந்திருக்காது. கட்டி எதுவும் இல்லாதவர்களும் 35 வயது கடந்தால் உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருமுறை போங்கள், குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். 1996 தொடக்கம் இலவசமாக நடக்கிறது. எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால்தான் அது நடக்கிறது, ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

போன மாதம் என்னிடம் சட்டை தைக்கத் தந்த ஒரு பிள்ளை, அளவு எடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: ‘அன்ரி, உங்கட கோடியில நிக்கிற மரத்தில கொஞ்சம் இலை பிடுங்கலாமோ?’ அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கு என்று கேட்டேன். அம்மாவுக்கு என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை மூன்று பேருமாகக் கிளினிக்குக்குப் போகிறோம்.